ஃபிளாப்பியில் தங்கிப்போன தமிழ்க் கோப்புகளை மீட்பது எப்படி?

1990களில் தட்டச்சு செய்த கதைகள், சிற்றிதழ்ப் பக்கங்கள், குடும்ப வரலாறுகள் எல்லாம் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் ஃபிளாப்பித் தட்டுகளாகக் கிடக்கின்றன. அச்சில் வராதவை என்றால் அந்தத் தட்டு ஒன்றே பிரதி. அதனால் அவசரப்படாமல் செய்வோம்.

எந்தத் தட்டு?

பிசி கணினியில் எழுதிய 3.5 அங்குலத் தட்டுக்கு ஒரு யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் போதும். 5.25 அங்குலத் தட்டு, அமிகா என்ற பழைய கணினியின் தட்டு, பழைய மேக்கின் 800 கேபி தட்டு ஆகியவற்றை அது படிக்காது. அவற்றுக்குப் பழைய டிரைவும் கிரீஸ்வீசில் போன்ற இணைப்புப் பலகையும் வேண்டும்; இப்போதைக்குத் தனியே எடுத்து வையுங்கள்.

டிரைவில் போடும் முன்

உலோக மூடியை மெல்லத் தள்ளி உள்ளே பாருங்கள். பழுப்புப் பரப்பில் வெள்ளைத் திட்டு இருந்தால் பூஞ்சை. அதை டிரைவில் போடவே கூடாது. படிக்கும் முனையில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் நல்ல தட்டையும் கெடுத்துவிடும். சுத்தமான தட்டு என்றால் மூலையில் உள்ள சின்ன பிளாஸ்டிக் மடலை நகர்த்தி, துளை வழியாக வெளிச்சம் தெரியும்படி வையுங்கள். அப்புறம் கணினி அதில் எதையும் எழுத முடியாது. ஒட்டுத்தாளில் எழுதியிருப்பதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போட வேண்டியது போனாலும் பரவாயில்லை என்கிற தட்டு. டிரைவ் சரியாக இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

கோப்பை அல்ல, முழுத் தட்டையும் நகலெடுங்கள்

"ஃபார்மேட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுக்கவும் வேண்டாம். 1.44 எம்பி தட்டில் 512 பைட் கொண்ட 2,880 பகுதிகள் இருக்கின்றன. அதில் ஒன்று பழுதானாலும் சாதாரண நகலெடுப்பு பாதியில் நின்றுவிடும். நலிந்த தட்டு ஒவ்வொரு முறை சுழலும்போதும் இன்னும் தேயலாம் என்பதால், ஒரே ஓட்டத்தில் முடிந்ததெல்லாம் எடுத்துவிடுவதுதான் நல்லது.

விண்டோஸில் வின்இமேஜ், லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ ஆகிய மென்பொருள்கள் முழுத் தட்டையும் ஒரே இமேஜ் கோப்பாக்கும், அதாவது தட்டில் உள்ளதை அப்படியே ஒரு கோப்பில் நகலெடுக்கும். நான் பரிந்துரைப்பது டிடிரெஸ்க்யூதான். படிக்க முடியாத இடங்களை அது ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைக்கும். அடுத்த முறை அந்த இடங்களை மட்டும் முயலும். ஒரு டிரைவ் கைவிட்ட பகுதியை இன்னொரு டிரைவ் படித்துவிடுவது உண்டு, அதனால் நண்பரிடம் வேறு டிரைவ் இருந்தால் கேட்டு வாங்குங்கள். முடிந்ததும் இமேஜின் அளவு 1,474,560 பைட் இருக்கிறதா என்று பாருங்கள். செவன்-ஜிப் மென்பொருளில் அதைத் திறந்தால் கோப்புகளை வெளியே எடுக்கலாம்.

எழுத்து குப்பையாகத் தெரிந்தால்

பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கோப்பு கெட்டிருக்காது. இன்று எல்லாக் கணினியிலும் இருக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு பரவும் முன் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்கள் பல புழங்கின. கோப்பை லிப்ரே ஆபீசில் திறந்து, உரையின் மேல் கர்சரை வைத்தால் எழுத்துருவின் பெயர் மேலே தெரியும். அந்த எழுத்துரு உங்களிடம் இல்லாவிட்டாலும் பெயர் தெரியும். இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்தோரிடமிருந்தும் வந்த கோப்பு என்றால் பெரும்பாலும் பாமினி எழுத்துரு. தமிழ்நாட்டுக் கோப்பு என்றால் டாப் (TAB), டாம் (TAM) என்ற குறியீட்டு முறைகளையும் முயன்று பாருங்கள். இணையக் குழுக்களில் புழங்கியது திஸ்கி (TSCII) என்ற முறை.

முறை தெரிந்ததும் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியில் ஒரு பத்தியை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிப் பாருங்கள். இடையில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றை விட்டுவிட்டு மாற்ற வேண்டும். இல்லையென்றால் பாமினி போன்றவற்றில் அவையும் தமிழாகிக் குழம்பிவிடும்.

கடைசியாகப் பிழைதிருத்தம். 'கௌரவம்' என்பது 'கெளரவம்' என்று ளகரத்தோடு வந்திருக்கும், ஏனென்றால் பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம். மொத்தமாக மாற்றிவிடாதீர்கள், 'கெளுத்தி' மீனும் சேர்ந்து கெட்டுவிடும். ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துங்கள்.