பாட்டில் சோலார் விளக்குக்குத் தனிப் பேனல் வேண்டாம்

மண்ணில் குத்தி வைக்கிற சின்ன சோலார் விளக்கு ஒன்றை வாங்கி, குச்சியைக் கழற்றிவிட்டு, தலையை மட்டும் காலி ஊறுகாய் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டுப் பேனல் மேலே பார்க்கிற மாதிரி சிலிக்கான் பசையால் ஒட்டுங்கள், மாடித் தோட்டத்துக்கு அழகான விளக்கு ரெடி. பேனல், பேட்டரி, எல்இடி, இருட்டினதும் தானாக எரிய வைக்கும் சர்க்யூட் எல்லாம் அந்தத் தலைக்குள்ளேயே இருப்பதால் ஒயர் வேலையே கிடையாது. பாட்டிலில் நேரடியாக ஒட்டாதீர்கள், மூடியில் இருந்தால்தான் பேட்டரி மாற்றத் திருகி எடுக்க முடியும் (1.2 வோல்ட் ரீசார்ஜபிள் மட்டும், கடிகாரத்துக்குப் போடுகிற சாதா பேட்டரி ஒழுகிவிடும்). புதுச்சேரி உப்புக்காற்றில் தகர மூடி சீக்கிரம் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் மூடியே நல்லது. நேர் வெயில் படாத போர்ட்டிகோவுக்கும், ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கும் இது சரிவராது.