அமெரிக்க ஓட்டுக் கணக்கில் நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

கலிபோர்னியாவில் குடியுரிமை பெற்ற என் அத்தை மகன் 2016 நவம்பரில்தான் முதன்முதலாக அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட்டான். அவன் ஓட்டளித்த ஹிலாரி கிளிண்டனுக்கு, நாடு முழுவதும் டொனால்டு டிரம்பைவிட ஏறத்தாழ 28 லட்சத்து 70 ஆயிரம் ஓட்டுகள் அதிகம் விழுந்தன. அதிபரானவர் டிரம்ப். "அப்படியானால் என் ஓட்டு எங்கே போனது?" என்று தொலைபேசியில் கேட்டான். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் கேள்விக்குள் ஒரு தவறான கணக்கும் இருந்தது.

நாடு முழுவதும் விழுந்த ஓட்டுகளைக் கூட்டிப் பார்ப்பதுதான் அந்தத் தவறு. 50 மாகாணங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலுமாக ஒரே நாளில் 51 தேர்தல்கள் நடக்கின்றன என்று எடுத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அங்கே மக்கள் தேர்ந்தெடுப்பது 'தேர்வாளர்' எனப்படுபவர்களை. நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் ஒரு மாகாணத்துக்கு எத்தனை உறுப்பினர்களோ, அவர்களோடு மேலவையான செனட்டில் அதற்குள்ள 2 செனட்டர்களையும் சேர்த்தால் அதுவே அந்த மாகாணத்தின் தேர்வாளர் எண்ணிக்கை. பிரதிநிதிகள் 435, செனட்டர்கள் 100, அரசியல் சட்டத்தின் 23ஆவது திருத்தம் 1961இல் தலைநகருக்குக் கொடுத்த 3. ஆக மொத்தம் 538. வெற்றிக்கு 270 தேவை.

கலிபோர்னியாவில் கிளிண்டன் 42 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். கிடைத்தவர்கள் 55 தேர்வாளர்கள். ஒரே ஒரு ஓட்டில் வென்றிருந்தாலும் அதே 55தான். மிச்சிகனிலோ டிரம்பின் முன்னிலை வெறும் 10,704. விஸ்கான்சினையும் பென்சில்வேனியாவையும் சேர்த்தால்கூட 78 ஆயிரத்தைத் தொடவில்லை. அந்த மூன்று மாகாணங்களும் 46 தேர்வாளர்களைக் கொடுத்து ஆட்சியை முடிவு செய்துவிட்டன. அத்தை மகனின் ஓட்டு எண்ணப்படத்தான் செய்தது. கடலில் கரைத்த பெருங்காயமாகிவிட்டது, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் அடுத்தபடியாக, "சின்ன மாகாணங்கள்தான் அதிபரைத் தேர்ந்தெடுக்கின்றன" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அதற்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வயோமிங்கில் 5 லட்சத்து 77 ஆயிரம் பேர், தேர்வாளர்கள் 3. கலிபோர்னியாவில் 3 கோடியே 95 லட்சம் பேர், 2016இல் 55ஆக இருந்த தேர்வாளர்கள் அந்தக் கணக்கெடுப்புக்குப் பின் 54. ஒரு தேர்வாளருக்கு வயோமிங்கில் 1.92 லட்சம் பேர் என்றால் கலிபோர்னியாவில் 7.3 லட்சம் பேர். இது அநீதி என்பதே என் கருத்து. ஆனாலும் ஓட்டுக் கேட்டு வயோமிங் பக்கம் எந்த வேட்பாளரும் நடையாய் நடப்பதில்லை. அங்கே முடிவு முன்கூட்டியே தெரியும். 2024இல் இரு கட்சிகளும் பணத்தையும் நேரத்தையும் கொட்டியது அரிசோனா, ஜார்ஜியா, மிச்சிகன், நெவாடா, வட கரோலினா, பென்சில்வேனியா, விஸ்கான்சின் ஆகிய ஏழில்தான். ஒரு மாகாணத்தின் செல்வாக்கை அதன் அளவைவிட, அங்கே போட்டி எவ்வளவு இழுபறியாக இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. வென்றவருக்கே மொத்தமும் என்ற விதிக்கு மேய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் விலக்கு. அங்கே தொகுதிவாரியாகவும் தேர்வாளர்கள் பிரிவதுண்டு.

எங்கே எந்தக் கட்சி வென்றது என்று நிலப்பரப்புக்கு வண்ணம் பூசிய வரைபடத்தைப் பார்த்து 'அலை' என்று சொல்வதையும் விட்டுவிட வேண்டும். பரப்பு அதிகமும் ஆட்கள் குறைவுமான மொன்டானா மாகாணத்தின் மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டுரிமை கிடையாது.

தேர்வாளர் என்பது வெறும் புள்ளி என்று நினைப்பவர்கள் பலர். அவர்கள் ரத்தமும் சதையுமான மனிதர்கள், பெரும்பாலும் கட்சிக்காரர்கள். பல மாகாணங்களின் ஓட்டுச்சீட்டில் அவர்கள் பெயரே இருக்காது, அதிபர் வேட்பாளரின் பெயர்தான் இருக்கும். டிசம்பரில் அந்தந்த மாகாணத் தலைநகரில் கூடி, ஓட்டளித்து, சான்றிதழ்களில் கையெழுத்திடுகிறார்கள். 2016இல் அவர்களில் 7 பேர் தங்கள் கட்சி வேட்பாளரை விட்டு வேறு யாருக்கோ ஓட்டளித்ததால்தான் இறுதிக் கணக்கு 304க்கு 227 என்று நின்றது. அப்படி மாறுபவர்களை மாகாணங்கள் தண்டிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எனவே நவம்பர் இரவில் தொலைக்காட்சிகள் அறிவிப்பது கணிப்பு மட்டுமே. மர்மப் பெட்டிகள் ஏதுமில்லை: அந்தச் சான்றிதழ்கள் மரப்பெட்டிகளில் வைத்து நாடாளுமன்றத்துக்குள் எடுத்து வரப்பட்டு, ஜனவரி 6 அன்று எல்லோர் கண்முன்னும் எண்ணப்படுகின்றன. 2025 ஜனவரி 6 அன்று அந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் துணை அதிபர் கமலா ஹாரிஸ். டிரம்புக்கு 312, தனக்கு 226 என்று தன் தோல்வியைத் தன் வாயாலேயே அறிவித்தார்.

இனி நாடாளுமன்றம். அதன் பெயரே காங்கிரஸ். கட்சிப் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். அதிபர் பதவிக் காலத்தின் நடுவில் வரும் தேர்தலை 'இடைத்தேர்தல்' என்று எழுதுவதும் தவறு. நம் ஊரில் இடைத்தேர்தல் என்றால் காலியான ஒரு தொகுதிக்கு நடப்பது. அங்கேயோ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 435 பிரதிநிதிகளும், செனட்டர்களில் மூன்றில் ஒரு பங்கினரும் மக்களைச் சந்திக்கிறார்கள்.

நாம் அதிகம் சறுக்குவது இங்கேதான். "சபையில் பெரும்பான்மை போய்விட்டதே, ஆட்சி கவிழுமா?" என்று கேட்கிறோம். கவிழாது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் அங்கே இல்லை. அதிபர் மக்களவையின் ஆதரவில் நிற்கும் பிரதமரைப் போன்றவர் அல்லர். நான்காண்டுகள் அவர் பதவி அவருக்கு. அதேபோல் இரு சபைகளிலும் பெரும்பான்மை இருக்கிறது என்பதற்காக அவர் நினைத்த சட்டமெல்லாம் நிறைவேறிவிடாது. செனட்டில் பெரும்பாலான மசோதாக்களின் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேர் வேண்டும். கட்சித் தாவல் தடைச் சட்டமும் கிடையாது. 2017 ஜூலையில் ஒரு நள்ளிரவுக்குப் பிறகு, ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை முடக்கச் சொந்தக் கட்சி கொண்டுவந்த தீர்மானத்தின்போது, குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் அவையின் முன்னால் வந்து நின்று கட்டை விரலைக் கீழே கவிழ்த்தார். 49க்கு 51 என்று தீர்மானம் தோற்றது. அவர் பதவி பறிபோகவில்லை.

பிரதிநிதிகள் சபையிலும் மொத்த ஓட்டும் இடங்களும் பொருந்தாமல் போவதுண்டு. 2012இல் ஜனநாயகக் கட்சிக்கு நாடு முழுவதும் 10 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டுகள் கூடுதலாகக் கிடைத்தும் 201 இடங்கள்தான். குடியரசுக் கட்சிக்கு 234. நகரங்களில் ஒரே கட்சியின் ஓட்டு குவிந்து கிடப்பது ஒரு காரணம். எல்லை வரைபவர்கள் யார் என்பது இன்னொன்று: பல மாகாணங்களில் ஆளும் கட்சி உறுப்பினர்களே தொகுதிகளை வகுக்கிறார்கள்.

'அமெரிக்கக் குடிமக்கள் எல்லோருக்கும் ஓட்டு உண்டு' என்ற எண்ணம்தான் என்னை அதிகம் வருத்துவது. அமெரிக்க ஆளுகையில் இருந்தும் மாகாணமாக இல்லாத கரீபியன் தீவு போர்ட்டோ ரிக்கோவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அந்தத் தீவினர் 1917 முதல் குடிமக்கள். அதிபர் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. பிரதிநிதிகள் சபையில் ஒருவர் இருக்கிறார்; மசோதாக்களின் இறுதி வாக்கெடுப்பில் அவருக்கு ஓட்டு இல்லை. அந்தத் தீவில் வாழும் ஒருவர் விமானம் ஏறி புளோரிடாவில் குடியேறிவிட்டால் அதிபரைத் தேர்ந்தெடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. இருவரும் 269க்கு 269 என்று நின்றால், பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை வைத்திருக்கும் கட்சிக்காரர்தான் அதிபர் என்று பலரும் அடித்துச் சொல்கிறார்கள். அப்போது முடிவு அந்தச் சபையின் கைக்குப் போவது உண்மைதான்; ஆனால் 435 பேரும் ஆளுக்கு ஓர் ஓட்டுப் போடுவதில்லை. மாகாணத்துக்கு ஓர் ஓட்டு. கலிபோர்னியாவின் 52 பேரும் தங்களுக்குள் பேசி ஓர் ஓட்டு. வயோமிங்கின் ஒற்றை உறுப்பினருக்கும் ஓர் ஓட்டு. ஒரு மாகாணத்தின் உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்தால் அதன் ஓட்டு கணக்கில் வராது. 26 மாகாணங்களைப் பிடிப்பவர் அதிபர். 1824 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99 தேர்வாளர்கள், ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 84. மீதியை வேறு இருவர் பிரித்துக்கொண்டதால் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. மறு ஆண்டு பிப்ரவரியில் சபை கூடியபோது அன்றிருந்த 24 மாகாணங்களில் 13 ஆடம்ஸின் பக்கம் நின்றன. வெள்ளை மாளிகைக்குள் போனவர் அவர்தான்.