கேமரா ஸ்லைடர்: 60 செ.மீ. போதும்

வீடியோ எடுக்கும்போது கேமராவைச் சீராக நகர்த்த உதவும் சின்னத் தண்டவாளம்தான் ஸ்லைடர். அதை வாங்கும்போது 120 செ.மீ. நீளத்துக்குக் காசைக் கொட்ட வேண்டாம். 60 செ.மீ. ஸ்லைடரை வாங்கி, படம் எடுக்கும்போது லென்ஸுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு பொருள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். செடியின் இலை, கதவு நிலை, மேசை மேல் ஒரு டம்ளர், எதுவானாலும் சரி.

ரயிலில் போகும்போது தந்திக் கம்பம் சட்டென்று பின்னால் ஓடும், தூரத்து மலை அப்படியே நிற்கும் அல்லவா? அதே கணக்குதான் இங்கேயும். அரை மீட்டரில் இருக்கும் இலை, 3 மீட்டரில் உட்கார்ந்திருக்கும் ஆளைவிட ஃப்ரேமில் 6 மடங்கு வேகமாக நகரும். அதனால் சின்ன நகர்வும் பெரிதாகத் தெரியும். குட்டை ஸ்லைடரை ஒரே டிரைபாடில் மாட்டிவிடலாம் என்பதும் பெரிய வசதி. நீளமானதை அப்படி மாட்டினால், கேமரா ஓரத்துக்குப் போகும்போது தண்டவாளம் சாய்ந்து ஃப்ரேமும் சரியும். இரண்டு பக்கமும் தாங்கல் கொடுத்தாக வேண்டும்.

கடையிலேயே உங்கள் கேமராவை மாட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். வழியில் எங்காவது சிக்கினாலோ ஆடினாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

கடல், வயல்வெளி என்று எல்லாமே தூரத்தில் இருக்கும் காட்சிக்கு இந்தக் குட்டை ஸ்லைடர் உதவாது. அப்புறம், நடந்து போகிறவரைப் பின்தொடர வேண்டுமென்றால் ஸ்லைடரே தேவையில்லை, கையில் பிடித்து நடந்தாலும் கேமராவை ஆடாமல் வைத்திருக்கும் கிம்பல்தான் சரி.