கொடைக்கானலில் விடுதி நடத்த வரும் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமவெளியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகளோடு மலையேறி வந்து, ஏழெட்டு அறைகளில் தங்கும் விடுதி நடத்தலாம் என்று வீடு தேடும் குடும்பங்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அறை சுத்தமாக இருக்க வேண்டும், வெந்நீர் வர வேண்டும், வந்தவரிடம் முகம் கொடுத்துப் பேச வேண்டும் என்பவை யாரும் சொல்லித் தெரிய வேண்டியவையல்ல என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இத்தொழிலுக்கு முன்னர் வந்த நாங்கள் செய்தவற்றையே இன்று புதிதாக வருவோரும் அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். அவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கட்டடத்தின் காகிதங்களைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். வீடு பார்க்க வருவோர் பள்ளத்தாக்கு தெரிகிறதா, கார் நிறுத்த இடம் உண்டா, எத்தனை குளியலறைகள் என்றெல்லாம் நுணுக்கி நுணுக்கிக் கேட்கிறார்கள். இந்தக் கட்டடத்துக்கு எந்தப் பயன்பாட்டுக்கென்று அனுமதி கொடுக்கப்பட்டது என்று கேட்பவர் அரிது.

மலைவாழிடங்களின் கட்டடங்களுக்கென 1993ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்துவிட்டன. இதே ஊரில் பிளசன்ட் ஸ்டே ஓட்டலில் எழுப்பப்பட்ட கூடுதல் மாடிகள் பற்றிய விவகாரம் நீதிமன்றப் படியேறியது நாடறிந்த செய்தி. அதற்குப் பிறகும், குடியிருப்புக்கென்று வரைபட அனுமதி வாங்கி, அனுமதியில் இல்லாத மாடியொன்றையும் எழுப்பி, விடுதி நடத்துவதற்காக லீசுக்கு விடும் வழக்கம் நிற்கவில்லை. 2019ஆம் ஆண்டை ஒட்டி, உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் விதிமீறிய வணிகக் கட்டடங்களுக்கு நகராட்சி சீல் வைத்ததையும் இப்போது வருபவர்கள் அறியாமலே வருகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், சொந்த ஊரில் இருந்த வீட்டை விற்று, அந்தப் பணத்தை முன்பணமாகக் கொடுத்து ஒரு மாடிக் கட்டடத்தை லீசுக்கு எடுத்தது. புதுக் கட்டில்களும் மெத்தைகளும் வந்திறங்கின; குளியலறை ஒவ்வொன்றிலும் கீசர் மாட்டினார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒப்பந்தத்தை என்னிடம் காட்டினார்கள். முத்திரைத்தாளின் இரண்டாம் பக்கத்தில், "தொழில் சம்பந்தமான அனுமதிகள் அனைத்தும் குத்தகைதாரரின் சொந்தப் பொறுப்பு" என்று ஒரே ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியில் உரிமையாளர் கைகழுவிவிட்டார். வரைபட நகலைக் கேட்டதற்கு, "ஊரே இப்படித்தான் நடத்துகிறது, உங்களுக்கு மட்டும் என்ன வந்துவிடப் போகிறது?" என்றாராம். நோட்டீஸ் ஒட்டப்பட்ட அன்று அதே மனிதர் தொலைபேசியை எடுக்கவில்லை. பூட்டின் மேல் துணியைச் சுற்றி அரக்கு முத்திரை வைத்த பிறகு, உள்ளே இருந்த பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களை எடுக்கக்கூட மனு எழுத வேண்டியதாயிற்று. முன்பணத்துக்காக இன்னமும் அலைந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, பணம் கைமாறுவதற்கு முன்பே அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலை வாங்கி, அதில் குடியிருப்பு என்று இருக்கிறதா, வணிகம் என்று இருக்கிறதா என்பதையும், காகிதத்தில் உள்ள மாடிகளும் கண்ணெதிரே நிற்கும் மாடிகளும் ஒன்றுதானா என்பதையும் சரிபாருங்கள். சொத்துவரி ரசீதும் மின் கட்டண அட்டையும் அதே கதையைச் சொல்ல வேண்டும். வீட்டு இணைப்பில் விடுதி நடத்துவதைக் கண்டுபிடித்தால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு வசூலிக்க முடியும். "ஹோம்ஸ்டே என்று பதிந்துகொள்ளலாமே" என்று தரகர் சமாதானம் சொல்வார். ஆனால் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் உரிமையாளர் தம் குடும்பத்தோடு அந்த வீட்டிலேயே வசிக்க வேண்டும். வாடகைக்கு விடும் அறைகள் ஆறைத் தாண்டக் கூடாது. உரிமையாளர் வேறு ஊரில் இருக்க, நீங்கள் லீசுக்கு எடுத்த ஒன்பது அறைக் கட்டடத்துக்கு அந்தச் சட்டை எப்படியும் சேராது. காகிதங்களைப் படித்துப் பார்க்க வழக்கறிஞரை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்; தரகர் அழைத்துவரும் வழக்கறிஞர் வேண்டாம்.

மே மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்குவது

சீசன் என்பது பெரும்பாலும் ஏப்ரலும் மேயும்தான். பள்ளி திறந்ததும் வார நாட்களில் அறைகள் காலியாகக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் வார இறுதியும் போய்விடும். போதாததற்கு, 2024 மே 7 முதல், மலையேறி வரும் வாகனங்கள் முன்கூட்டியே இணையத்தில் அனுமதி வாங்க வேண்டிய இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாட்களில் நாளொன்றுக்கு 4,000 வாகனங்கள், வார இறுதியில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள் என்று கொடைக்கானலுக்கு வரம்பும் விதிக்கப்பட்டது. அதாவது, வருமானத்தைப் பெரிதும் நம்பியிருக்கும் மாதங்களிலேயே கதவு பாதி சாத்தப்பட்டிருந்தது. மே மாதக் கூட்டத்தைக் காட்டித்தான் உரிமையாளர் வாடகை பேசுவார். நீங்கள் நவம்பரில் ஒரு முறை வந்து, மழையில் சுவர் எப்படி இருக்கிறது, எதிர்வீட்டு விடுதியில் எத்தனை விளக்குகள் எரிகின்றன என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

தண்ணீர்

உரிமையாளரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

கட்டிலுக்கு இரண்டு செட் விரிப்புகள் போதும் என்று நினைப்பது

மூடுபனி இறங்கிவிட்டால் கொடியில் போட்ட விரிப்பு இரண்டு நாளானாலும் காயாது. காய்ந்ததுபோல் தோன்றும் விரிப்பை மடித்து வைத்தால் முடைநாற்றம் வரும். விருந்தினர் இணையத்தில் விமர்சனம் எழுதும்போது முதலில் எழுதுவது அதைப் பற்றித்தான். கட்டிலுக்கு நான்கு செட் வாங்குங்கள், அல்லது உலர்த்தும் இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்குங்கள்.

விடுதிக்குப் பெயர் வைப்பது

இதற்கு ஒரு மாதம் யோசிக்க வேண்டியதில்லை.

குடும்பத்தின் அறையையும் வாடகைக்கு விடுவது

சீசனில் வாசலில் ஆள் நிற்கும்போது சொந்தப் படுக்கையறையைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை அரிசி மூட்டைக்கும் எரிவாயு உருளைக்கும் நடுவே பாய் விரித்துப் படுக்கவைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில்கூட இது நடக்கிறது. ஓர் இரவுக்குக் கிடைக்கும் வாடகை கண்ணுக்குத் தெரிகிறது. ஜூன் மாதத்தில் அந்தப் பிள்ளை தாத்தா வீட்டுக்கே போய்ப் படிக்கிறேன் என்று சொல்லும்போது தகப்பனார் என்னிடம் வந்து யோசனை கேட்கிறார். ஓர் அறையை எந்த முன்பதிவு இணையதளத்திலும் பதியாமல், சாவியைப் பலகையில் மாட்டாமல், குடும்பத்துக்கென்று வைத்துவிடுங்கள்.

வெளிநாட்டு விருந்தினர்

வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரங்களை இணையவழியில் குடிவரவுத் துறையிடம் பதிந்தாக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கடவுச்சீட்டு நகலை மேசை இழுப்பறையில் போட்டு வைக்காதீர்கள்.