கிரேக்க வேர், ஆங்கில அசை: பிரிப்பதில் நேரும் தவறுகள்

ஹெலிகாப்டர் என்ற சொல்லைப் பிரிக்கச் சொன்னால் பெரும்பாலோர் 'ஹெலி', 'காப்டர்' என்றுதான் பிரிப்பார்கள். நாக்குக்கு அது வசதி, வேருக்குப் பொருந்தாது. கிரேக்கத்தில் 'ஹெலிகோ' திருகுசுருளைக் குறிக்கும், 'ப்டெரான்' இறக்கையை. 1861இல் குஸ்தாவ் த பொன்டோன் தமேகூர் என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டையும் ஒட்டித் தம் பறக்கும் கருவிக்குப் பெயர் வைத்தார். ஆகவே வெட்டு விழவேண்டியது 'ஹெலிகோ'வுக்குப் பிறகு. தவறான பிரிப்போ 'ஹெலி'யைத் தனியே கழற்றி, ஹெலிபேட் முதலிய சொற்களையே பெற்றெடுத்துவிட்டது. அவை இன்று முறையான சொற்கள். திருத்தப் புறப்படுவது வீண்வேலை. ஹீலியத்தை மட்டும் இந்தக் குடும்பத்தில் சேர்க்காதீர்கள். அது சூரியனைக் குறிக்கும் 'ஹீலியோஸ்' வழி வந்த பெயர். 1868இல் அந்தத் தனிமத்தின் தடயம் முதலில் தென்பட்டது சூரிய ஒளியில்தான்.

யாப்பு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. சீருக்காகச் சொல்லை நடுவில் அறுப்பதை வகையுளி என்கிறோம். கிரேக்கத்திலிருந்து வந்த ஆங்கிலச் சொற்கள் பலவும் வகையுளியோடுதான் வாழ்கின்றன. அதனால் எழுத்துக்கூட்டும்போது வேரைப் பார்க்க வேண்டும், உச்சரிக்கும்போது அசையை. டெரடாக்டில் என்ற பழங்காலப் பறக்கும் விலங்கின் பெயரிலும் அதே 'ப்டெரான்' இருக்கிறது. ஆனால் அங்கே தொடக்கத்தில் நிற்பதால் 'பி' எழுத்து ஒலிப்பதில்லை. ஹெலிகாப்டரில் முந்தைய அசையோடு சேர்ந்துகொள்வதால் ஒலிக்கிறது. மூச்சைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த நியூமேட்டிக் (காற்றழுத்தத்தால் இயங்குவது), ஆப்னியா (மூச்சு நின்றுபோதல்) ஆகிய இரண்டுக்கும் இதே கதைதான்: முன்னதில் தொடக்கத்து 'பி' ஊமை, பின்னதில் ஒலிக்கும். ஒன்றில் ஊமை என்பதற்காக எல்லாவற்றிலும் அந்த எழுத்தை விழுங்கிவிடக் கூடாது.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது அழுத்தத்தில். தமிழில் அழுத்தம் மாறினால் சொல் மாறாது. எனவே அதைப் பொருட்படுத்தாமலே ஆங்கிலமும் பேசுகிறோம். 'போட்டோகிராப்' என்பதில் அழுத்தம் முதல் அசையில். அதோடு ஓர் 'இ' சேர்த்துப் 'போட்டோகிராபி' என்று முடித்துவிடுகிறோம். ஆங்கிலக் காதுக்கு அது 'ஃப-டாக்-ர-ஃபி'. அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவுகிறது, முதல் உயிர் மங்கிவிடுகிறது. 'ஃபோட்டோகிராஃபிக்' என்றாலோ அழுத்தம் மூன்றாம் அசையில். ஒளி, எழுத்து என்ற அதே இரண்டு வேர்கள்தாம்; மூன்று இடங்களில் அழுத்தம்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. கிராஃபி, லஜி, மெட்ரி, க்ரசி, னமி என முடியும் சொற்களில் கடைசியிலிருந்து மூன்றாம் அசை அழுத்தம் பெறும்: ஜியாக்ரஃபி, பயாலஜி, ஜியாமெட்ரி, டிமாக்ரசி, அஸ்ட்ரானமி. 'இக்' என முடிந்தால் அதற்கு முந்தைய அசை: டெமக்ராட்டிக். பாலிடிக்ஸ், அரித்மெட்டிக் போன்ற முரடர்கள் சிலர் இதற்கு அடங்குவதில்லை. அவர்களைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

ஒரே மாதிரி தோன்றும் வேர்களை உறவாக்குவது இன்னொரு தவறு. பெடல், பெடஸ்ட்ரியன் இரண்டிலும் இருப்பது பாதத்தைக் குறிக்கும் லத்தீன் வேர். குழந்தை மருத்துவமான பீடியாட்ரிக்ஸில் இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். ஆர்த்தோபீடிக்ஸ் எந்தப் பக்கம்? குழந்தையின் பக்கம். 1741இல் நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், குழந்தைகளின் உடற்கோணல்களை நேராக்குவது பற்றி எழுதிய நூலுக்காக ஆக்கிய சொல் அது. 'ஆர்த்தோ டாக்டர்' என்று சொல்லிச் சொல்லி, ஆர்த்தோ என்றாலே எலும்பு என்று நம்பிவிட்டோம். அப்படியானால் ஆர்த்தோடாக்ஸ் ஆசாமிக்கும் எலும்புக்கும் என்ன உறவு? ஆர்த்தோ என்றால் நேர், சரி. எலும்புக்குரிய வேர், எலும்பு மெலிதல் நோயான ஆஸ்டியோபோரோசிஸில் வரும் 'ஆஸ்டியோ'. பிரிட்டிஷ் முறையில் ஆர்த்தோபீடிக்ஸ் எழுதும்போது 'பி'க்குப் பின் 'ஏ', 'ஈ' என்ற இரண்டு எழுத்துகளும் வர வேண்டும். அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'ஏ'யை விட்டுவிடுவார்கள். பீடியாட்ரிக்ஸுக்கும் அப்படியே.