ஆய்வு நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் முன் அவருடைய பணிவரலாற்றை வாசிப்பது எப்படி?

முனைவர் பட்ட ஆய்வில் சேர விரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, துறையின் ஆசிரியர் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் கீழே 'ஆய்வு ஆர்வங்கள்' என்று தரப்பட்டிருக்கும் வரியைப் படிப்பதாகும். தம் மனத்தில் உள்ள தலைப்பு அந்த வரியில் இருந்தால் உடனே விண்ணப்பக் கடிதம் எழுதிவிடுகிறார்கள். அந்த வரி, அந்த ஆசிரியர் பணியில் சேர்ந்த ஆண்டில் எழுதப்பட்டு அப்படியே நின்றுவிட்டதாக இருக்கலாம். வருங்காலத்தில் செய்ய நினைப்பதையும் அவர் அதில் சேர்த்திருக்கலாம். ஒருவர் இப்போது உண்மையில் எந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது, அண்மை ஆண்டுகளில் அவர் எழுதியவற்றிலும் அவரிடம் பயின்றவர்களின் ஆய்வேடுகளிலும்தான் தெரியும். மூன்று முதல் ஆறு ஆண்டுகள் வரை நீளக்கூடிய ஓர் உறவைத் தொடங்கும் முன், இவற்றைப் படிக்க ஒரு வாரம் ஒதுக்குவது மிகையன்று.

ஆர்வப் பட்டியலுக்கு ஆண்டு போடுங்கள்

ஆசிரியரின் வெளியீட்டுப் பட்டியலை எடுத்து ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் கூகுள் ஸ்காலர் தளத்தில் ஒருவருடைய பக்கத்தைத் திறந்தால், கட்டுரைகள் மேற்கோள் எண்ணிக்கையின்படியே, அதாவது பிற ஆய்வுகள் அவற்றைச் சுட்டிய எண்ணிக்கையின்படியே அடுக்கப்பட்டிருக்கும். அதிக மேற்கோள் பெற்றவை இயல்பாகவே பழைய கட்டுரைகள். ஆகவே பக்கத்தின் மேல்பகுதியில் தெரிபவர் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வாளர். 'ஆண்டு' என்ற தலைப்பைச் சொடுக்கினால் இன்றைய ஆய்வாளர் முன்னே வருவார்.

பிறகு, ஆர்வப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே, அதில் அவர் எழுதிய முதல் கட்டுரையின் ஆண்டையும் கடைசிக் கட்டுரையின் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வேதியியல் ஆசிரியரின் பக்கத்தில் 'நீர் மாசு, பரப்பு வேதியியல், நுண்துகள்கள், இயந்திரக் கற்றல்' என்று நான்கு ஆர்வங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு போட்டுப் பார்க்கும்போது, நீர் மாசு பற்றிய கட்டுரைகள் 2009இல் தொடங்கி 2016இல் நின்றுபோயிருக்கின்றன. பரப்பு வேதியியல் இடைவெளியின்றி இன்றுவரை தொடர்கிறது. நுண்துகள்கள் பற்றிக் கடந்த நான்கு ஆண்டுகளில் ஆறு கட்டுரைகள் உள்ளன. இயந்திரக் கற்றலில் இருப்பது ஒரே ஒரு கட்டுரை, அதிலும் ஒன்பது ஆசிரியர்களுள் இவர் பெயர் ஐந்தாவதாக நிற்கிறது. நான்கும் ஒரே எழுத்தளவில் அச்சாகியிருந்தாலும் நான்கும் ஒரே எடையுடையவை அல்ல என்பது இப்போது விளங்கும். இயந்திரக் கற்றலுக்காக அவரிடம் சேரும் மாணவர் அந்தப் பகுதியைப் பெரும்பாலும் தனியாகவே கற்க வேண்டியிருக்கும். நுண்துகள்களுக்காகச் சேருபவருக்கோ கருவிகளும் உடன் பணிபுரிவோரும் ஏற்கெனவே காத்திருப்பார்கள்.

இந்தக் கணக்கு எல்லாத் துறைகளுக்கும் ஒன்றுபோலப் பொருந்தாது. மொழி, வரலாறு, மெய்யியல் போன்ற துறைகளில் ஒரு நூலுக்கே எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகலாம். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்து செம்பதிப்புக் கொண்டுவருபவர் பல ஆண்டுகள் ஒரு கட்டுரையும் எழுதாமல் இருப்பது இயல்பு. அங்கே தொகுப்பு நூல்களில் வந்த இயல்கள், மொழிபெயர்ப்புகள், பதிப்புரைகள், நூல் மதிப்புரைகள் ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கணினி அறிவியலில் முன்னணி மாநாடுகளில் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு நிகரான மதிப்பு உண்டு என்பதால், ஆய்விதழ்களை மட்டும் எண்ணினால் ஒருவருடைய உழைப்பின் பெரும்பகுதி கண்ணில் படாமல் போகும்.

ஒரே பெயரும் முன்னெழுத்தும் உடைய வேறு ஒருவரின் கட்டுரைகள் கலந்துவிடுவதும் அடிக்கடி நிகழ்கிறது. 2012இல் தொடங்கப்பட்ட ஆர்க்கிட் (ORCID) என்னும், ஆய்வாளர்களுக்கான 16 இலக்க அடையாள எண் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே வந்தது. ஆசிரியர் அந்த எண்ணை வைத்திருந்தால் அதன் வழியே தேடுங்கள்.

பெயர் எந்த இடத்தில் நிற்கிறது?

ஒரு கட்டுரையில் பலர் பெயர் இருக்கும்போது வரிசைக்குப் பொருள் உண்டு. ஆனால் அந்தப் பொருள் துறைக்குத் துறை மாறும். ஆய்வகம் சார்ந்த உயிரியலில் பெரும்பாலும் முதற்பெயர் சோதனைகளைச் செய்த மாணவருடையது, இறுதிப்பெயர் ஆய்வகத் தலைவருடையது. கணிதத்தில் பெயர்களை அகரவரிசையில் இடுவதே வழக்கம், பொருளியலிலும் அவ்வழக்கு பரவலாக உண்டு. அங்கே முதலில் நிற்பதால் பெருமையும் இல்லை, கடைசியில் நிற்பதால் சிறுமையும் இல்லை. துகள் இயற்பியலில் நிலைமை இன்னும் வேறு. ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015இல் இரண்டு பெரும் ஆய்வுக்குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 ஆசிரியர்களின் பெயர்கள் உள்ளன. அத்தகைய பட்டியலில் ஒருவர் பெயர் இருப்பது அவர் அந்தக் குழுவின் உறுப்பினர் என்பதைத்தான் சொல்லும். அவர் என்ன செய்தார் என்பதை அவரிடமே கேட்டுத்தான் அறிய முடியும். இப்போது பல ஆய்விதழ்கள், கருத்துருவாக்கம், தரவுத் திரட்டல், மென்பொருள், வரைவு எழுதுதல் என்று 14 வகைப் பங்களிப்புகளுள் எது யாருடையது என்பதைக் கட்டுரையின் இறுதியில் வெளியிடுகின்றன. அந்தச் சிறு பத்தியைத் தவறாமல் படியுங்கள். மாணவரின் பெயருக்கு எதிரே தரவுத் திரட்டல் மட்டுமே மீண்டும் மீண்டும் வருமானால், அந்த ஆய்வகத்தில் சிந்திக்கும் வேலை யாரிடம் இருக்கிறது என்பது புலப்படும்.

மேற்கோள்களைக் கொண்டு ஆய்வாளரை அளக்கும் எண்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த எச்-குறியீட்டெண், குறைந்தது 20 மேற்கோள்கள் பெற்ற 20 கட்டுரைகள் ஒருவருக்கு இருந்தால் 20 என்று அமையும். அது வயதோடு கூடும், குறையவே குறையாது, துறைக்குத் துறை வேறுபடும். ஆகவே ஒரே துறையில் ஏறத்தாழ ஒரே காலம் பணியாற்றிய இருவரை ஒப்பிடுவதற்கு அப்பால் அதைக் கொண்டு எதையும் முடிவுசெய்யாதீர்கள். பதவிப் பெயரும் அப்படியே. டோனா ஸ்டிரிக்லேண்ட் 2018இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றபோது இணைப் பேராசிரியராகத்தான் இருந்தார். 2023இல் மருத்துவ நோபல் பெற்ற கட்டலின் கரிக்கோ, 1990களில் தாம் பணிபுரிந்த பல்கலைக்கழகத்தில் பதவியிறக்கம் செய்யப்பட்டவர், தம் ஆர்.என்.ஏ. ஆய்வை அவர் அதன் பின்னும் கைவிடவில்லை.

திருப்பங்களைப் படிக்கும் முறை

பணிவரலாற்றில் மிகுதியாகக் கற்றுத்தருபவை திருப்பங்கள்தாம். ஒருவர் துறை மாறியிருப்பதைக் கண்டதும் நிலையற்றவர் என்று முடிவுகட்டுவதும், பல்துறை வல்லவர் என்று வியப்பதும் ஒருசேரப் பிழையே. மாறியபோது எது மாறாமல் கூட வந்தது என்று கேட்க வேண்டும்.

ஹெர்பர்ட் சைமன் 1943இல் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார், 1975இல் கணினி அறிவியலின் உயர்ந்த விருதான டூரிங் விருதையும் 1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசையும் பெற்றார், உளவியலும் கற்பித்தார். நான்கு துறைகள் என்று தோன்றினாலும், போதிய தகவலும் நேரமும் இல்லாத மனிதர் எப்படி முடிவெடுக்கிறார் என்ற கேள்வியே அவருடைய பணிகளை இணைத்தது. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பிறகு, உயிரியலைக் கற்க மீண்டும் மாணவராகச் சேர்ந்தார். பின்னர், உயிரணுவில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பட்டச் சான்றிதழில் உள்ள பாடத்தின் பெயரை மட்டும் பார்ப்பவருக்கு இந்த ஆசிரியர் என்ன கற்பிக்க வல்லவர் என்பது தெரியவே தெரியாது.

மூன்றாவது வகைக்குச் சுப்பிரமணியன் சந்திரசேகர் சான்று. விண்மீன்களின் உள்ளமைப்பு, விண்மீன் கூட்டங்களின் இயக்கவியல், கதிர்வீச்சுக் கடத்தல், பாய்மங்களின் நிலைத்தன்மை, சுழலும் நீள்கோளங்களின் சமநிலை, கருந்துளைகளின் கணிதம் என்று அவர் ஒரு பொருளை எடுத்துப் பல ஆண்டுகள் உழைத்து, அதை முழுமையான நூலாக எழுதி முடித்துவிட்டு அடுத்த பொருளுக்குச் செல்வார். அந்த நூல்கள் வெளிவந்த ஆண்டுகள் 1939, 1942, 1950, 1961, 1969, 1983. இத்தகைய ஆசிரியரிடம் சேர விரும்பும் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அவர் இப்போதைய பொருளின் தொடக்கத்தில் இருக்கிறாரா, முடிக்கும் தறுவாயில் இருக்கிறாரா? நூலை எழுதி முடித்துக்கொண்டிருப்பவரிடம் அதே பொருளில் புதிதாகச் சேருபவர், இரண்டாம் ஆண்டிலேயே நெறியாளரின் மனம் வேறெங்கோ சென்றுவிட்டதை உணரக்கூடும்.

நிதி எங்கே கிடைக்கிறதோ அங்கே திரும்புவதும் உண்டு. உடன் எழுதுவோர் முற்றாக மாறியிருப்பதும், புதிய கட்டுரைகளில் தம் பழைய ஆய்வுகள் எங்குமே மேற்கோளாக வராததும், திட்டம் முடிந்த ஓராண்டிற்குள் அந்தத் தலைப்பு மறைந்துவிடுவதும் அதன் அடையாளங்கள். கட்டுரையின் இறுதியில் நிதி வழங்கியோருக்குச் சொல்லப்படும் நன்றியை ஆண்டு வரிசையில் படித்தால் இது எளிதில் தெரியும். நிதியைத் தேடுவது குற்றமாகாது. ஆய்வகத்தை நடத்துபவருக்கு அது கடமை. ஆனால் உங்கள் ஆய்வேடு முடியும்வரை அந்த ஆர்வம் நீடிக்குமா என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இடைவெளிகளைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். மூன்று ஆண்டுகள் வெளியீடே இல்லையென்றால் அவர் துறைத் தலைவராகவோ தேர்வு நெறியாளராகவோ இருந்திருக்கலாம்; பாடத்திட்டம் வகுத்திருக்கலாம்; குழந்தை பிறந்திருக்கலாம்; நோயுற்ற பெற்றோரைக் கவனித்திருக்கலாம். இடைவெளிக்குப் பிறகு வந்த முதல் இரண்டு கட்டுரைகளே உங்களுக்குத் தேவை. அதேபோல, தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ நீதிமன்றத்திலோ நெடுங்காலம் பணியாற்றிவிட்டுக் கற்பிக்க வந்தவரின் பட்டியல் சிறியதாகத்தான் இருக்கும். அவருடைய காப்புரிமங்களும் தொழில்நுட்ப அறிக்கைகளும் சேர்ந்தே அவருடைய ஆய்வு. வருகைதரு பேராசிரியர், ஓய்வுபெற்ற மதிப்புறு பேராசிரியர் ஆகியோர் புதிய மாணவரைத் தனி நெறியாளராக ஏற்க முடியுமா என்பதை மட்டும் நிறுவனத்தின் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வு வயதை நெருங்கியவரானால், இணை நெறியாளர் ஒருவரைத் தொடக்கத்திலேயே ஏற்பாடு செய்வது நல்லது.

அவருடைய மாணவர்களைத் தேடுங்கள்

நான் எல்லாவற்றிலும் முதன்மையாகக் கருதுவது இதைத்தான். அவரிடம் பட்டம் பெற்றவர்களின் ஆய்வேடுகளில் அண்மையவை இரண்டை நூலகத்திலோ நிறுவனக் களஞ்சியத்திலோ தேடி எடுங்கள். பதிவு செய்த ஆண்டு, ஒப்படைத்த ஆண்டு, ஆய்வின்போது மாணவர் முதலாசிரியராக எழுதிய கட்டுரைகள் ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு, நன்றியுரைப் பக்கத்துக்கு வாருங்கள். 'எந்நேரமும் வழிகாட்டிய' என்ற சொற்றொடர் எல்லா ஆய்வேடுகளிலும் இருக்கும். அதைத் தாண்டி, நெறியாளர் செய்த குறிப்பான ஒரு செயல் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்: மூன்றாம் இயலை நான்கு முறை திருத்தித் தந்தார், களப்பணிக்கு உடன் வந்தார், வேறு துறையின் அறிஞரிடம் அறிமுகப்படுத்தினார் என்பவை போல. மாணவர் தாமாகக் கண்ட அத்தகைய ஒரு வரி, பத்து விருதுகளைவிட எனக்கு நம்பகமாகப் படுகிறது.

இப்போது அங்கே பயிலும் ஒருவரிடமும், இடையில் விலகியவர் எவரேனும் இருந்தால் அவரிடமும் பேசுங்கள். 'அவர் நல்லவரா?' என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றே சொல்வார்கள். வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்புகிறது, கடைசியாக எப்போது சந்தித்தீர்கள், தலைப்பைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டால் பயனுள்ள விடைகள் கிடைக்கும்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் ஏதேனும் உண்டா என்பதையும் பொதுத் தரவுத்தளத்தில் பார்த்துவிடுங்கள். ஆனால் திரும்பப் பெற்றதற்கான அறிவிப்பை முழுமையாகப் படியுங்கள். தம் கணக்கில் பிழை கண்டு தாமே திரும்பப் பெற்றவர் நேர்மையானவர், அவரைத் தரவுகளைப் புனைந்தவரோடு சேர்த்து எண்ணுவது அநியாயம்.

கடிதமும் முதல் சந்திப்பும்

இவ்வளவும் படித்த பிறகு கடிதம் எழுதுவது கடினமாக இருக்காது. தங்கள் ஆய்வுகள் என்னைப் பெரிதும் கவர்ந்தன என்ற வாக்கியம் எவருக்கும் அனுப்பத்தக்கது, ஆகவே எவரும் அதைப் படிப்பதில்லை. அதற்கு மாறாக இப்படி எழுதலாம்: 'ஐயா, வணக்கம். நுண்துகள்கள் மண்ணில் படிவது குறித்துத் தாங்கள் சென்ற ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், களிமண் மிகுந்த மாதிரிகளை ஆய்விலிருந்து விலக்கியிருப்பதைக் கண்டேன். அவற்றை அளவிடுவதில் உள்ள இடர்ப்பாடு கருவியைச் சார்ந்ததா, மாதிரியைத் தயாரிக்கும் முறையைச் சார்ந்ததா என்று அறிய விரும்புகிறேன். முதுகலை ஆய்வேட்டில் நான் களிமண் மாதிரிகளைக் கையாண்டிருக்கிறேன்.' இதன்பின் உங்கள் கல்வித் தகுதியும் சேர விரும்பும் காலமும் இரண்டு வரிகளில் போதும். ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி அதே துறையில் ஐவருக்கு அனுப்பாதீர்கள். அவர்கள் அடுத்தடுத்த அறைகளில் இருப்பவர்கள். இரண்டு வாரங்களில் மறுமொழி வராவிட்டால் ஒரு முறை சுருக்கமாக நினைவூட்டலாம்.

சந்திக்க வாய்ப்புக் கிடைத்தால், நீங்கள் ஆண்டு போட்டுத் தயாரித்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் மூன்று ஆண்டுகளில் எந்தக் கேள்வியில் இருப்பதாக எண்ணுகிறீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வது பட்டியலின் கடைசி ஐந்து ஆண்டுகளோடு பொருந்தினால் மகிழ்ச்சி. பொருந்தாவிட்டால், அந்தப் புதிய திசைக்கான கருவியும் நிதியும் உடன் பணியாற்றுவோரும் இருக்கிறார்களா என்று தயங்காமல் தொடர்ந்து கேளுங்கள். ஆய்வின் தலைப்பு, எதிர்பார்க்கும் கால அளவு, உதவித்தொகைக்கான வழி, வேறு பணிகளில் எவ்வளவு உதவ வேண்டியிருக்கும் ஆகிய நான்கையும் அன்றே பேசி, பேசியதைப் பத்து வரிகளில் எழுதி மாலைக்குள் அவருக்கு அனுப்பி, நீங்கள் புரிந்துகொண்டது சரிதானா என்று உறுதிசெய்துகொண்ட பிறகு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.