சால்ஸ்பர்க்கில் முதல் சில வாரங்கள்: புதிதாகக் குடிவந்தவர்கள் எதை, எப்போது பார்க்கலாம்?

வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் குடியேறுகிறவர்கள், வீடு புகுந்த மூன்று நாட்களுக்குள் முகவரியைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த வேலை முடிந்ததும் ஊரைப் பார்க்கப் புறப்படலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்கும் சுற்றுலாப் பயணியின் அவசரம் உங்களுக்குத் தேவையில்லை. இங்கேயே இருக்கப்போகும் உங்களால், நெரிசலற்ற காலை வேளையையும் ஏற்ற பருவத்தையும் பார்த்துப் போக முடியும்.

சால்ஸ்பர்க் என்றால் உப்புக் கோட்டை என்று பொருள். தெற்கே ஹாலைன் அருகிலுள்ள டூர்ன்பெர்க் மலையில் எடுத்த உப்பு, சால்சாக் ஆற்றின் வழியே படகுகளில் போயிற்று. அந்த வருவாயில்தான், இப்பகுதியைத் தனி நாடாக ஆண்ட பேராயர்கள் கோட்டையும் பேராலயமும் அரண்மனைகளும் எழுப்பினார்கள். ஆஸ்திரியாவோடு இவ்வூர் நிலையாக இணைந்தது 1816இல்தான். பழைய நகரம் முழுவதும் 1996இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

முதலில் கோட்டைக்குப் போங்கள். போப்புக்கும் ஜெர்மன் அரசருக்கும் பூசல் முற்றியிருந்த 1077இல், போப்பின் பக்கம் நின்ற பேராயர் கெப்ஹார்ட் தம் பாதுகாப்புக்காக இதைக் கட்டத் தொடங்கினார். பின்வந்தவர்கள் விரிவாக்கிக்கொண்டே போன இக்கோட்டையை எந்தப் படையும் போரிட்டுப் பிடித்ததில்லை. நடைபாதை செங்குத்தானது, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துச் சென்றால், பழநி விஞ்ச் போல மலைச்சரிவில் ஏறும் இழுவை ரயிலில் போவது நல்லது. அது 1892 முதல் ஓடுகிறது. மேலே போனதும் சுவர்களில் டர்னிப் கிழங்கு செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கோட்டைக்கு இன்றைய தோற்றத்தைப் பெரிதும் தந்த பேராயர் லியோன்ஹார்ட் ஃபான் காய்ட்ஷாகின் குலச்சின்னம் அது. எத்தனை இருக்கின்றன என்று குழந்தைகளை எண்ணச் சொன்னால் அவர்களுக்குச் சலிப்பே தட்டாது.

கோட்டைக்குக் கீழேதான் பேராலயம் இருக்கிறது. உள்ளே போகும் முன் வாயில் கம்பிக்கதவுகளை நின்று பாருங்கள். அவற்றில் 774, 1628, 1959 என்று மூன்று ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது, இங்கிருந்த பழைய ஆலயம் அர்ப்பணிக்கப்பட்ட ஆண்டு. இரண்டாவது, இன்றைய கட்டடம் அர்ப்பணிக்கப்பட்ட ஆண்டு. மூன்றாவது, 1944இல் குண்டு விழுந்து இடிந்த குவிமாடத்தை மீண்டும் கட்டித் திறந்த ஆண்டு. இவ்வூர் இடிபட்டு எழுந்த வரலாற்றை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் இடம் வேறில்லை என்பது என் எண்ணம். நம் கோயில்களைப் போலக் காலணியைக் கழற்ற வேண்டியதில்லை, ஆனால் ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும்; வழிபாடு நடக்கும்போது படம் எடுக்காதீர்கள்.

இசையமைப்பாளர் மோசார்ட் 1756 ஜனவரி 27 அன்று கெட்ரைடெகாஸெ தெருவின் 9ஆம் எண் வீட்டில் பிறந்தார். மறுநாள் மேற்சொன்ன பேராலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அவர் பிறந்த வீட்டில் அறைகள் சிறியவை, கூட்டமோ மிகுதி. ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், 1773இல் அக்குடும்பம் மாறிச்சென்ற மக்கார்ட் சதுக்கத்து வீட்டைப் பார்க்கும்படி சொல்வேன்; அங்கே நிதானமாக நின்று பார்க்க இடமுண்டு. கெட்ரைடெகாஸெயின் இரும்புப் பெயர்ப் பலகைகளைக் காண, கடைகள் திறக்கும் முன்பே போய்விடுங்கள். அத்தெருவை ஒட்டிய சந்தொன்றில் போஸ்னா என்ற தின்பண்டம் விற்கிறார்கள். வெங்காயமும் கறித்தூளும் தூவிய அதன் மணம் நம்மவர்களை இழுக்கும். ஆனால் ரொட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் பன்றி இறைச்சித் தொத்திறைச்சி என்பதை அறிந்து வாங்குங்கள். சைவம் உண்பவர்கள் காஸ்நொக்கன் என்ற, பாலாடைக்கட்டியில் புரட்டிய மாவு உருண்டைகளைக் கேட்கலாம். சமைக்கும் முறை கடைக்குக் கடை மாறுவதால், இறைச்சி சேர்க்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

மிராபெல் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. சிறு குழந்தைகள் இருந்தால் ஹெல்ப்ருன்னைத் தவறவிடாதீர்கள். பேராயர் மார்குஸ் ஸிட்டிகுஸ் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோடைக்கால மாளிகை அது. தோட்டத்துக் கல்மேசையைச் சுற்றியுள்ள இருக்கைகளிலிருந்து திடீரென நீர் பீறிடும். பேராயர் அமர்ந்த இருக்கை மட்டும் நனையாது. இந்த நீர்விளையாட்டு குளிர்காலத்தில் நடப்பதில்லை. மாற்று உடை ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே நூல்நூலாக இறங்கி நாள் முழுக்க விடாமல் பெய்யும் மழைக்கு உள்ளூர்க்காரர்கள் ‘ஷ்னூர்ல்ரேகன்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஷ்னூர் என்றால் கயிறு. அத்தகைய நாட்களை அருங்காட்சியகங்களுக்கு ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால், வீட்டுச் சாமான்களைச் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். உறவினர் வந்தால் சால்ஸ்பர்க் கார்டு வாங்கிக் கொடுப்பது சிக்கனமானது: நுழைவுக் கட்டணமும் நகரப் பேருந்தும் அதில் அடங்கும். 24 மணிநேர அட்டையை நண்பகலில் பயன்படுத்தத் தொடங்கினால் மறுநாள் காலையும் கைக்கு வரும்.

வானம் தெளிந்த நாளில் 25ஆம் எண் பேருந்தில் உன்டர்ஸ்பெர்க் மலையடிவாரம் போய், கம்பிவட ஊர்தியில் ஏறுங்கள். ஏறக்குறைய 1,776 மீட்டர் உயரத்தில் இறங்கியதும், ஒருபுறம் நகரமும் மறுபுறம் ஜெர்மனியின் பெர்ஷ்டெஸ்காடன் மலைகளும் தெரியும். ஜூலையிலும் அங்கே குளிர்ச் சட்டை தேவைப்படலாம். எல்லை மிக அருகில் இருப்பதால், ஜெர்மனிப் பக்கம் போக எண்ணினால் கடவுச்சீட்டையும் வசிப்பிட அனுமதி அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.